அம்பு கீழே பார்த்தது

தொண்ணூற்று நான்கு. அம்பு நேராக இருக்கிறது. நேராக இருந்தால் சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நின்ற இடத்தில் நிற்கிறது என்று பொருள். மணி இரண்டு பத்து. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுப் படுத்து இருபது நிமிஷம் ஆகிறது. சாப்பிட்டது ஒன்றரைக் கரண்டி சோறு, பீர்க்கங்காய்க் கூட்டு, மோர். இன்சுலின் ஊசி போட்டது ஒன்று இருபதுக்கு. இதையெல்லாம் யாரிடம் ஒப்பிக்கிறேன் என்று தெரியவில்லை, யாராவது வந்து கேட்டால் தடுமாறக் கூடாது என்பது போல வாய்க்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரும் வந்து கேட்கப் போவதில்லை. இந்த வீட்டில் இந்த நேரத்தில் மின்விசிறியும் நானும்தான் விழித்திருக்கிறோம். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் நான், என் கையில் போன். அவர் சுவரைப் பார்த்து இடது பக்கம் ஒருக்களித்திருக்கிறார். அங்கேதான் சிக்கல். வலது கை தடித்துச் சிவந்துவிட்டது என்று சர்க்கரை அளக்கிற வில்லையை இந்த முறை இடது கையில் ஒட்டச் சொன்னார், ஒட்டினேன், இப்போது அந்தக் கை மேலேயே படுத்திருக்கிறார். அழுத்திப் படுத்தால் குறைவாகக் காட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இந்தத் தொண்ணூற்று நான்கு தொண்ணூற்று நான்கு இல்லை. நூற்றுப் பத்தாக இருக்கலாம், நூற்று முப்பதாக இருக்கலாம். நிஜமாகவே தொண்ணூற்று நான்காகவும் இருக்கலாம். கான்வென்டில் கணக்கில் எப்போதும் எனக்குத்தான் முதல் மதிப்பெண், ஒரு எண்ணைப் பார்த்தால் அதை அப்படியே நம்பிப் பழகியவள். இந்த வயதில் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு இப்படித் தொங்குவேன் என்று அந்தக் கணக்கு டீச்சர் கண்டிருப்பாரா.

ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஒரு வில்லை. மேல்கையின் பின்பக்கம் ஒட்டினால் பதினான்கு நாள் இருக்கும். தோலுக்கடியில் முடி போல ஒரு ஊசி, அது சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்பும், போன் எண்ணையும் அம்பையும் காட்டும், எழுபதுக்குக் கீழே போனால் அலறும். இதே எண் புனேயில் இருக்கிற எங்கள் மகள் சம்யுக்தாவின் போனிலும் தெரியும். அவள்தான் போன வருஷம் வாங்கி அனுப்பினாள். "ம்மா, இனி நீ அவரையே பாத்துட்டு உக்கார வேண்டாம், அது பாத்துக்கும்" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்த மனிதரின் மூஞ்சியைப் பார்த்தே சர்க்கரை சொன்னவள் நான். சர்க்கரை இறங்கினால் இவருக்கு உப்பு மேல் கோபம் வரும். "உப்பே இல்ல, இதென்ன சோறா" என்று சாதுவான மனிதர் தட்டைத் தள்ளுவார். நான் பதில் பேசாமல் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரை நீட்டுவேன், பத்து நிமிஷத்தில் அதே சோற்றை வழித்துச் சாப்பிடுவார். இடது கண் இமை கொஞ்சம் தொங்கும். மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வேர்க்கும். கல்யாண வீட்டில் நான் பெண்கள் பக்கம் இருப்பேன், அவர் பந்தியில் இருப்பார், இங்கிருந்தே பார்த்து எழுந்து ஓடியிருக்கிறேன். மற்றவள் எல்லாம் எந்தப் புடவை என்ன விலை என்று பார்த்துக்கொண்டிருப்பாள், நான் ஒரு மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அலுக்காதா? அலுத்தது. வில்லை வந்த பிறகு ஒரு மாசத்திலேயே என் கண் அவரை விட்டுவிட்டது. போன் இருக்கிறது, கத்தும். நான் டிவி பார்த்தேன், அக்கம்பக்கத்தோடு பேரூர் கோவிலுக்குப் போய் வந்தேன், மத்தியானம் தூங்கக்கூடத் தூங்கினேன். அவர் சாப்பிட உட்கார்ந்தால் நான் எண்ணைப் பார்த்தேன், அவரைப் பார்க்கவில்லை. ஒரு நாள் அவர் மீசையை எடுத்துவிட்டு வந்ததைச் சாயங்காலம் வரை நான் கவனிக்கவில்லை. சிரித்தோம். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

எண்பத்தெட்டு. அம்பு சாய்ந்துவிட்டது. நேராக இருந்தது சரிவாகிவிட்டது. அழுத்தம்தான். கை அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மூச்சு ஒழுங்காக வருகிறது, முதுகு ஏறி இறங்குகிறது. பனியன் நனைந்திருக்கிறதா? குனிந்து பார்த்தேன். நனையவில்லை. கழுத்தோரம் ஈரம் போல இருக்கிறது, அது ஜன்னல் வெளிச்சத்தில் ஆடும் விசிறி நிழலாகவும் இருக்கும். தொட்டுப் பார்த்தால் விழித்துக்கொள்வார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஐந்து வினாடியில் உண்மை தெரிந்துவிடும். மிஷின் அலமாரியில் இருக்கிறது. ஆனால் காலையில் நான்கு முறை குத்திவிட்டேன். நேற்றுப் பதினொன்று. வில்லை எதற்கு, ஊசி எதற்கு என்று டாக்டர் கேட்டார், இரண்டில் ஒன்றை நம்புங்கம்மா என்றார். எதை? அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நேற்று இரவு சாப்பிட்டுவிட்டு இவர் கையை விரித்துக் காட்டினார், விரல் நுனியெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. "ஏம்புள்ள, நாளைக்கு ஒரு நாளாச்சும் செத்த நேரம் சும்மா விடறியா" என்றார். முன்பானால் இதைச் சொல்ல அவருக்கு மூன்று வினாடி ஆகும். இப்போது 'நாளைக்கு' என்பதற்கும் 'ஒரு நாளாச்சும்' என்பதற்கும் நடுவில் ஒரு பள்ளம், அதில் இறங்கி ஏறி வருகிறார். பம்ப்செட் கடையில் ஒரு மோட்டார் மேல் கையை வைத்தால் பேரிங் போயிருக்கிறதா, காயில் போயிருக்கிறதா என்று பிரிக்காமலே சொல்கிற மனிதர். இப்போது கடைக்குப் போனால் பையன்கள் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் சரியாகிவிடும் என்கிறார்கள். எப்போது என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

இரண்டு மாசத்துக்கு முன்பு ஆடி அமாவாசை. இவருடைய அப்பா அம்மாவுக்குப் படையல். மொட்டை மாடியில் வாழையிலை போட்டு எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் காக்காய்க்குக் காத்திருக்க வேண்டும், காக்கா வந்து வாய் வைத்த பிறகுதான் வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்கலாம். காலையில் ஒரு காபியோடு இருந்தார். சமையல் முடிந்தது, படையல் போட்டாச்சு, இதோ சாப்பாடுதானே என்று வழக்கம் போல முன்கூட்டியே ஊசியைப் போட்டுக்கொண்டார். போட்டால் அரை மணி நேரத்துக்குள் வயிற்றில் ஏதாவது விழ வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். காக்கா வரவில்லை. எப்போதும் அந்த நேரத்துக்கு வேப்பமரத்தில் ஏழெட்டு உட்கார்ந்திருக்கும். ஆடிக் காற்று அன்றைக்கு என்ன அடி அடித்தது, இலை பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தோம், எந்தக் காக்காய் அதில் பறக்கும். கா கா என்று இவர் கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். கான்வென்டில் படித்தவள் மொட்டை மாடியில் நின்று காக்காயைக் கூப்பிடுகிறாள் என்று எனக்கே ஒரு பக்கம் எரிச்சல். அரை மணி நேரம். நாற்பது நிமிஷம். கீழே இறங்கி ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டிருக்க மாட்டார் என்று இரண்டு மாசமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நான்தான் சொல்லவே இல்லையே, கேட்டிருப்பாரா மாட்டாரா என்று எப்படித் தெரியும்.

அவர் என் பக்கம் திரும்பி, "ஏம்புள்ள, ஒரு மாதிரி இருக்குது, பாத்துச் சொல்லு" என்றார். அவர் முகம் என் முகத்துக்கு நேராக ஒன்றரை அடியில் இருந்தது. மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வேர்வை. ஆளைத் தள்ளுகிற காற்றில் வேர்வை. இடது இமை தொங்கியது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்யச் சொல்லுங்கள், செய்ய மாட்டேன். பார்த்தேன். பார்த்துவிட்டுப் போனை எடுத்தேன். நூற்று நான்கு என்று இருந்தது. என் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி இறங்கியது, அந்த நிம்மதியை இன்னும் நாக்கில் வைத்திருக்கிறேன், கசக்கிறது. "நூத்தி நாலு. நல்லாத்தான் இருக்கீங்க. காக்கா வரட்டும்" என்றேன். எண்ணுக்குப் பக்கத்தில் அம்பு செங்குத்தாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. எண்ணைப் படித்தவள் அம்பைப் படிக்கவில்லை. ரத்தத்தில் இறங்குவது வில்லைக்குத் தெரியக் கால் மணி நேரம் பிந்தும் என்று பெட்டிக்குள் இருந்த காகிதத்திலேயே போட்டிருந்தது, உடம்பு ஒன்று சொல்லி எண் ஒன்று சொன்னால் விரலில் குத்திப் பார்க்கவும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் காகிதத்தை அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் முதல் முறையாக முழுதும் படித்தேன். அதற்குள் இவர் தண்ணீர்த் தொட்டித் திண்டில் நெற்றி மோதி விழுந்து, கை கால் வெட்டி இழுத்து, ஆறு தையல் போட்டு, உள்ளே ஏதோ ஒரு கட்டிலில் இருந்தார். போன் கத்தியது. உண்மைதான், கத்தியது. அவர் விழுந்து இரண்டு நிமிஷம் கழித்துக் கத்தியது.

எண்பத்தொன்று. அம்பு சரிவாகத்தான் இருக்கிறது.

பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சம்யுக்தா போனில் அழுதுகொண்டே "நீ எங்கம்மா இருந்தே" என்றாள், "தண்ணி எடுக்கக் கீழ போயிருந்தேன் கண்ணு" என்று வாய் சொல்லிவிட்டது. அந்த வாய்க்கு என்னைக் கேட்டு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை போல. அதற்குப் பிறகு பொய்க்குக் கை கால் முளைத்தது. அலாரம் கேட்டு அம்மா படியில் பறந்து ஓடினாள், அந்த ஆப் மட்டும் இல்லையென்றால் அப்பா இல்லை என்று சம்யுக்தா அவளுடைய ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். அவளோடு வேலை செய்கிற ஒரு பெண் இதைக் கேட்டுத் தன் மாமனாருக்கும் வாங்கினாளாம். எனக்கு நன்றி சொல்லச் சொன்னாளாம். இவருடைய அக்கா, எனக்கு நங்கை முறை, பார்க்க வந்தபோது ஆப்பிளை வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "டவர் வெச்சதுல இருந்து காக்காயே இல்ல. எல்லாம் இந்தப் போனாலதான். மனுசன் மூஞ்சியப் பாக்காம மிசினையே பாத்துட்டிருந்தா இப்படித்தான் ஆகும்" என்றார். "ஏனுங் நங்கை, அந்த மிசின்லதான் நீங்க தெனமும் என் சமையல் படத்தைப் பாத்து லைக் போடறீங்க" என்றேன். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எதுவும் தெரியாமல் ஒரு வாய் உண்மையைச் சொன்னது, தெரிந்தவள் நான் அதை மடக்கிவிட்டேன். என் நாக்கு நல்ல நாக்கு, எப்போதும் எனக்குச் சாதகமாகத்தான் பேசும்.

கான்வென்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு முதல் வகுப்பு தொடங்குமுன் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார வேண்டும். மனச்சாட்சிச் சோதனை என்று பெயர். இன்றைக்கு என்ன தப்பு செய்தாய், உனக்குள்ளேயே தேடு என்று சிஸ்டர் எவஞ்சலின் பிரம்பை மேஜை மேல் வைத்துவிட்டுச் சொல்லுவார். எனக்குத் தேடினாலும் கிடைக்காது. விளையாட்டு மைதானத்தில் தமிழில் பேசினேன், அடுத்தவள் டிபனில் கை வைத்தேன், இவ்வளவுதான் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் கிறிஸ்தவப் பெண்கள் வரிசையாகக் கோவிலுக்குப் போய்ப் பாதர் காதில் சொல்லிவிட்டு வருவார்கள், போகும்போது தலை குனிந்து போவார்கள், வரும்போது ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டு வருவார்கள். நானும் வரலாமா சிஸ்டர் என்று கேட்டேன். உனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்றார். அன்றைக்கு இல்லை சிஸ்டர். இன்றைக்கு இருக்கிறது, வரிசைதான் இல்லை. யாரிடம் சொல்வது? மகளிடம் சொன்னால் அவள் தன்னையே நொந்துகொள்வாள், வாங்கிக் கொடுத்தது அவள். டாக்டரிடம் சொன்னால் இதெல்லாம் சகஜம்மா என்று அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்தான், அவர் எனக்கு முதுகு காட்டிப் படுத்திருக்கிறார். விழுவதற்கு முன்னால் நடந்தது ஞாபகம் இருக்காது என்று டாக்டர் சொன்னபோது, கடவுளே, நான் சந்தோஷப்பட்டேன். புருஷனுக்கு மூளையில் ஒரு துண்டு அழிந்துவிட்டது என்று ஒரு டாக்டர் சொல்ல, ஒரு பெண்டாட்டி அப்பாடா என்று மூச்சு விட்டாள். பின்பு மூன்றாம் நாள் டாக்டரே, சிலருக்கு இருக்கவும் இருக்கும் என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இவர் அந்த நாளைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாபகம் இல்லாததால் பேசவில்லையா, இருப்பதால் பேசவில்லையா. சோறு போடும்போது என்னை நிமிர்ந்து பார்த்தால் பக்கென்கிறது. பார்க்காவிட்டாலும் பக்கென்கிறது.

எழுபத்து நான்கு. கையில் போன் அதிர்ந்தது, அலாரம் இல்லை, சம்யுக்தா. "ம்மா, எழுபத்தி நாலு காட்டுது, பாத்தியா?" என்றாள் அங்கே ஏதோ மீட்டிங்கில் இருந்து குசுகுசுவென்று. "பாத்துட்டுத்தான் கண்ணு இருக்கேன். கை மேல படுத்திருக்கார், அமுங்குது" என்றேன். "அது உனக்கு எப்படித் தெரியும்? எழுப்பி ஏதாச்சும் குடு." "சும்மா சும்மா இனிப்பைக் குடுத்தா ராத்திரி முந்நூறுக்குப் போகும், அப்ப நீ வந்து பாப்பியா?" "ம்மா, ப்ளீஸ், அது பொய் சொல்லாதும்மா" என்றாள். அது பொய் சொல்லாது. வாஸ்தவம். இந்த வீட்டில் பொய் சொல்வது அது இல்லை. "வெச்சுடு, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன். முதுகு ஏறி இறங்குகிறது. மெதுவாகவா? முன்பைவிட மெதுவாகவா? முன்பு எவ்வளவு வேகம் என்று நான் எண்ணவில்லையே. அன்றைக்கு இதை நம்பினேன், விழுந்தார். இன்றைக்கு இதை நம்பாமல், என் கண்ணை நம்பி, கை அமுங்கியிருக்கிறது என்று சமாதானம் சொல்லி உட்கார்ந்திருந்து, அது நிஜமாக இருந்தால்? அப்போது என்ன சொல்வேன், மறுபடியும் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேனா? என் கண்ணையாவது முன்பு போல நம்பலாமா என்றால் அதுவும் போயிற்று, இரண்டு மாசமாக அவருக்கு எப்போதும் வேர்ப்பது போலத் தெரிகிறது, எப்போதும் இமை தொங்குவது போலத் தெரிகிறது, உப்பு இல்லை என்றால் நிஜமாகவே உப்பு போட மறந்திருக்கிறேன். என் கழுத்தில்தான் வேர்வை ஓடுகிறது. எழுபத்தொன்று. எழுந்து அலமாரியைத் திறந்தேன், மிஷின், ஊசி, பஞ்சு, ரத்தச் சொட்டு வைக்கிற சீட்டு டப்பா கை தவறி உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று, முட்டி போட்டு எடுத்தேன். தரையில் முட்டி போட்டிருக்கும்போதே அலாரம் அலறியது.

அவர் திடுக்கிட்டுப் புரண்டார். "அதை அமத்து புள்ள, ஊருக்கே கேக்குது" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். நான் அமத்தவில்லை, அவர் கையைப் பிடித்து விரலில் குத்தினேன், கேட்கவும் இல்லை. சொட்டு வந்தது. ஐந்து, நான்கு, மூன்று என்று மிஷின் எண்ணியது. நூற்று முப்பத்தொன்று. அமுக்கம்தான். போனை அமத்தினேன். நூற்று முப்பத்தொன்று என்று சம்யுக்தாவுக்கு எழுதி அனுப்பினேன். விரல் நுனியைப் பஞ்சால் அமுக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு என்ன ஆச்சு, பேயறைஞ்ச மாதிரி இருக்கறே" என்றார். நான் நினைத்ததைவிட வேகமாக வாய் திறந்துகொண்டது. "அன்னைக்கு நான் தண்ணி எடுக்கப் போகலீங்க. உங்க பக்கத்துலயேதான் இருந்தேன். வேர்த்ததைப் பாத்தேன், கண்ணு தொங்கினதைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனைப் பாத்துச் சொன்னேன்."

அவர் குனிந்து விரல் மேல் இருந்த பஞ்சைப் பார்த்தார். வார்த்தையைத் தேடுகிறாரா, சொல்ல வேண்டாம் என்று இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, "தெரியும்" என்றார். "தெரியும்னா எதுக்குங்க இத்தனை நாள் சொல்லலை?" என்றேன். அழுகிற குரலில் கேட்டிருக்க வேண்டும், அதட்டுகிற குரலில்தான் வந்தது. "என்னத்தச் சொல்றது" என்றார். "எனக்குக் கண்ணே இருட்டிட்டு வந்துச்சு. காக்காயாவது கத்திரிக்காயாவதுன்னு, இலையில வெச்ச பாயசத்தை... பாயசத்தை ஒரு வாய் எடுத்துக் குடிச்சுட்டு அப்புறம் அப்பன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம்னு கையக் கொண்டு போனேன். நீ நூத்தி நாலுன்னே. சரி, எனக்குத்தான் என்னமோ தப்பாத் தெரியுதுன்னு கைய எடுத்துட்டேன்."

"போன்தானுங்களே அப்படிக் காட்டுச்சு" என்றேன். இந்த நேரத்திலும் அது வந்துவிட்டது.

"போன் எனக்கென்ன தெரியும்" என்றார். "நீ சொன்னே. நீ சொன்னாச் சரியாத்தானே இருக்கும்."

குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பேன், எனக்குப் பதில் இல்லாத நாள் கிடையாது. இன்றைக்கு வெயில் குறைவு என்பது போல, வெறும் தகவலாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கட்டில் விளிம்பைப் பிடித்துக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். பஞ்சை என் கையிலிருந்து எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தார். "காபிக்குப் பால் இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்க" என்றேன். பார்க்காமல்தான் சொன்னேன்.

சரி என்று எழுந்து முகம் கழுவப் போனார்.